பழைய காரை ஓவியமாகத் தீட்ட எது ஏற்றது: எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, குவாஷா?

மெருகேற்றிய கார் ஒன்றின் மீது அதன் சொந்த நிறம் கலப்பில்லாமல் தெரியும் இடம் மிகக் குறைவு. பானட், கூரை, மட்கார்டின் மேல்வளைவு ஆகிய மேல்நோக்கிய பரப்புகள் வானத்தை வாங்கிக்கொள்கின்றன. கதவுகள் தெருவையும் எதிர்வரிசை வீடுகளையும் ஏந்துகின்றன. இரண்டுக்கும் இடையே, கதவின் இடுப்புயரத்தில், அடிவானம் ஒரு கோடாக வளைந்து ஓடுகிறது. குரோமியம் பூசிய பம்பருக்கோ சொந்த நிறம் என்ற ஒன்றே இல்லை. பம்பரைச் சாம்பல் நிறத்தில் தீட்டிவிட்டு, அது ஏன் தகரம் போலத் தெரிகிறது என்று வருந்தாத தொடக்கக்காரர் அரிது. என்னுடைய முதல் பம்பரும் தகரம்தான். ஆகவே வண்ண ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது அதிகமாகப் பளபளக்கும் என்று கேட்பதால் பயனில்லை. இரண்டு பிரதிபலிப்புகள் சந்திக்கும் விளிம்பை எந்த ஊடகம் எவ்வளவு நேரம் நம் கைவசம் விட்டுவைக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு எண்ணெய் வண்ணம் தரும் விடை மிகத் தாராளமானது. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவதால்தான் அது காய்கிறது. நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. எனவே காலையில் பானட்டின் மீது வைத்த வெளிர்நீலத்தை மாலையிலும் உலர்ந்த தூரிகையால் தொட்டு, பக்கத்திலுள்ள கருஞ்சிவப்புக்குள் கரையவிடலாம். மனத்துக்குப் பிடிக்காவிட்டால் துணியால் துடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் வைக்கலாம். காரைத் தீட்டுபவருக்கு இந்தச் சலுகை ஏன் தேவைப்படுகிறது என்றால், மட்கார்டின் உப்பலில் மென்மையாகக் கரைய வேண்டிய அதே பிரதிபலிப்பு, கதவின் மடிப்பை அடைந்ததும் கத்தியால் வெட்டியதுபோல நிற்க வேண்டியிருக்கிறது; ஒரே கோட்டுக்கு ஓர் அங்குலத்துக்குள் இரண்டு குணங்கள். எது மென்மை, எது கூர்மை என்பது முதல் முயற்சியிலேயே பிடிபடுவதும் இல்லை.

எண்ணெய் வண்ணம் காரை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு, சான் பிரான்சிஸ்கோவில் 1932இல் பிறந்து 2020இல் மறைந்த ஓவியர் ராபர்ட் பெக்டிலை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தாம் எடுத்த வண்ண ஸ்லைடுகளைக் கேன்வாஸின் மீது வீழ்த்தி, அந்தக் கோடுகளைப் பின்பற்றி வரைந்துகொண்டு, பிறகு தூரிகையால் எண்ணெய் வண்ணம் தீட்டியவர் அவர். 1968–69இல் தீட்டிய '61 போன்டியாக்' என்ற படத்தில், ஸ்டேஷன் வேகன் ஒன்றின் முன்னால் அவரும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் நிற்கிறார்கள். அது இப்போது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1974இல் தீட்டிய 'அலமேடா கிரான் டொரினோ', பக்கவாட்டில் போலி மரப்பலகை ஒட்டிய ஒரு ஃபோர்டு காரை வீட்டு முற்றத்தில் நிறுத்திக் காட்டுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் இவை புகைப்படங்கள். நெருங்கினால் விளிம்புகள் எங்கும் இலேசாகத் தளர்ந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் வெளிறிய வெயில் கதவின் மீது படிந்திருப்பதாக நம்பவைப்பது அந்தத் தளர்ச்சிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தீட்டப்பட்டபோது இந்தக் கார்கள் எதுவும் சேகரிப்பாளர் தேடும் பழங்காலப் பொருள் அல்ல, கடைக்குப் போய்வரும் குடும்ப வண்டி. பழைமையின் மதிப்பு படத்துக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

நீரில் கலக்கும் பிளாஸ்டிக் வகை வண்ணமான அக்ரிலிக் நேர் எதிர்முனையில் நிற்கிறது. நீர் ஆவியானதும் அது காய்ந்துவிடும்; சில நிமிடங்கள்தாம் நம்முடையவை, வெப்பமான நாளில் அதுவும் இல்லை. மேலும், அதன் பிணைபொருள் ஈரமாக இருக்கும்போது பால்போல வெளுத்தும், காய்ந்த பின் தெளிந்தும் இருப்பதால், வைத்த நிறம் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடுகிறது. நேற்று பாதி முடித்த கதவின் நிறத்தோடு இன்று கலந்த நிறத்தைப் பொருத்திப் பார்த்தவர்களுக்கு இதன் தொல்லை புரியும். தூரிகையால் மட்டும் அக்ரிலிக்கைக் கையாண்டு ஒரு கூரையின் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தடமின்றி இறங்குவது, செய்ய முடிந்தாலும், செய்யத் தேவையில்லாத வித்தை என்றே கருதுகிறேன்.

ஆனால் அதே அக்ரிலிக்கை, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றினால் நிலைமை தலைகீழாகிறது. லாங் பீச்சில் 1944இல் பிறந்த டான் எடி, கார்களுக்கு வண்ணம் பூசி அழகுபடுத்தும் தந்தையின் பட்டறையில் தெளிப்பானைப் பிடிக்கக் கற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் ஃபோக்ஸ்வாகன் போன்ற கார்களின் பம்பரையும் முகப்பு விளக்கையும் மட்டும் நெருங்கிப் பெரிதாக்கி, அக்ரிலிக்கைத் தெளித்துத் தீட்டினார். அந்தப் படங்களில் கையின் தடமே கிடையாது; பம்பருக்குள் சுருண்டு கிடக்கும் தெரு, அதன் கடைசி மூலை வரை ஒரே கூர்மையோடு தெரிகிறது. குரோமியத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை என்பதை எண்ணெய் வண்ணத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கொடுக்கும் விலை, எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும் என்பது: மறைப்புத் தாளை வெட்டி ஒட்டிய பிறகு விளிம்பு அங்கேதான் இருக்கும், தெளித்ததைத் துடைக்க முடியாது, ஊசி முனையில் வண்ணம் காய்ந்து அடைத்துக்கொண்டால் வேலை நிற்கும். முழுக் காரையும் இப்படித் தீட்டும்போது, எல்லா விளிம்பும் ஒரே கூர்மையில் இருப்பதால், ஒன்றரை டன் வண்டி தரையில் அழுந்தாமல் மிதப்பதுபோல ஆகிவிடும் அபாயமும் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றை ஜான் சால்ட் கண்டார். பர்மிங்காமில் 1937இல் பிறந்து, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், எண்ணெய் வண்ணத்தையே ஏர்பிரஷ்ஷாலும் வெட்டுத்தாள்களாலும் தெளித்தார். பின்னாளில், பால் புரதத்தால் பிணைக்கப்படும் கேசின் வண்ணத்துக்கு மாறினார். அவர் எடுத்துக்கொண்டவை மெருகிட்ட கார்கள் அல்ல. நொறுங்கியும் துருப்பிடித்தும் கைவிடப்பட்டவை. பழைய இரும்புக் கிடங்கில் கிடக்கும் காரின் கிழிந்த இருக்கையையும் உரிந்த வண்ணத்தையும் இவ்வளவு சலனமில்லாமல் தீட்டும்போது பரிதாபம் தானாக வடிந்துபோய், பார்வை மட்டும் எஞ்சுகிறது. ஆயினும் வீட்டில் முயல்பவருக்கு இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டர்பன்டைனில் கரைத்த வண்ணம் பனிப்புகையாக அறையில் நிற்கும்; அதை உள்ளிழுக்கக் கூடாது; காட்மியம் கலந்த சிவப்பையும் மஞ்சளையும் தெளிக்கவே கூடாது.

நீரில் கரையும் ஒளிபுகா வண்ணமான குவாஷ் இந்தப் போட்டியில் எளிய ஏழைபோலத் தோன்றினாலும், கார் விளம்பரத்தின் பொற்காலம் அதன் கையில்தான் இருந்தது. 1959 முதல் 1971 வரை போன்டியாக் விளம்பரங்களுக்குப் படம் தந்த இரு ஓவியர்களில், ஆர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக் காரையும் வான் காஃப்மன் பின்னணியையும் தீட்டினார்கள். உண்மையை விட அகலமாகவும் தாழ்வாகவும் கார் தெரிந்தது. பளபளப்பே இல்லாத ஊடகம் பளபளப்பை விற்றதற்குக் காரணம் எளியது: குவாஷ் மங்கலாகக் காய்வதால் அச்சுக்காகப் படமெடுக்கும்போது ஒளி திரும்பி அடிப்பதில்லை. ஆனால் இருண்ட நிறங்கள் காய்ந்ததும் வெளுத்துவிடுகின்றன. கறுப்புக் காருக்கு இது பெருங்குறை. முன்னோட்டப் படம் போட்டுப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. சக்கரத்தின் நீள்வட்டம் சரியாக இருக்கிறதா, அதன் குறுக்கச்சு வண்டியின் அச்சுத்தண்டோடு ஒரே கோட்டில் விழுகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிட வேண்டும். அது பிசகினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது.

காரின் வயதும் தேர்வில் ஒரு பங்கு கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டு வண்டிகளில் விளக்கும் ரேடியேட்டரும் பித்தளை. அடுத்து நிக்கல் வந்தது. 1920களின் இறுதியில் குரோமியம். பித்தளை வெப்பமான மஞ்சளையும், நிக்கல் இலேசான இளஞ்சூட்டையும், குரோமியம் குளிர்ந்த நீலத்தையும் பிரதிபலிப்பில் கலக்கின்றன. உடலின் பூச்சும் மாறியது. தொடக்ககாலக் கார்களுக்கு, குதிரை வண்டிகளுக்குப் பூசிய அதே எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் அடுக்கடுக்காகப் பூசினார்கள். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆனது. 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஓக்லாண்ட் கார்களில் ஏறியதும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. (1930களில் மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் இதே டூகோவை எடுத்துத் தம் படங்களில் தெளித்தார் என்பது தனிக்கதை.) எனவே பித்தளைக் காலத்து வண்டியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுபவர், அதன் உடலில் இருந்த அதே பொருளையே கையாள்கிறார், அந்த ஆழமான, சற்றே மஞ்சள் ஏறிய மெருகை மெல்லிய ஒளிபுகு படலங்களால் மீட்க முடியும், அக்ரிலிக்கால் அவ்வளவு இயல்பாக மீட்க முடியாது. 1959 காடிலாக்கின் வால்சிறகுக்கும் அதன் பின்புறக் குரோமியச் சுவருக்கும் ஏர்பிரஷ்ஷைத் தருவேன்.

எண்ணெய் வண்ணத்துக்குத் தொல்லையில்லை என்று இதற்குப் பொருளில்லை. கீழ்ப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேற்படலத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்ற விதியை மீறினால், சில ஆண்டுகளில் பானட் நெடுக வெடிப்பு ஓடும். தந்தக் கறுப்பும் காட்மியம் சிவப்பும் காய மிகவும் தாமதிக்கும். கறுப்புப் பகுதிகளில் எண்ணெய் கீழே இறங்கிவிட, மேலே சாம்பல் பூத்ததுபோல மங்கிவிடும்; மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சைத் தடவி ஒற்றியெடுத்தால்தான் உண்மை நிறம் திரும்பும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்குப் பரிசாகப் படம் கேட்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

இத்தனைக்குப் பிறகும் நான் எண்ணெயில் தங்கியிருப்பது வண்டிக்கு அடியில் விழும் நிழலுக்காக. டயர் தரையைத் தொடும் இடத்தில் அது ஏறக்குறையக் கறுப்பு. அரையடி வெளியே வருவதற்குள் தெருவின் சூட்டை வாங்கிச் செம்பழுப்பாகி, ஓரத்தில் வானத்தின் நீலத்தோடு கரைகிறது. அந்த அரையடியைத் தீட்டி முடிக்க எனக்கு ஒரு முழுப் பிற்பகல் வேண்டியிருக்கிறது.