டிராஞ்சியா 27: காற்றுக்குச் சளைக்காத ஸ்பிரிட் அடுப்பு

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைகளில் நான்கைந்து நாள் நடந்து, இருட்டுகிற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் அடுப்பு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது: காற்றில் எரியுமா? பூல்யூவில் கிளம்பி கார்ன்மோர், ஷெனவால் வழியாகக் கோரி ஹாலியில் ரோட்டைப் பிடிக்கும் ஃபிஷர்ஃபீல்ட் நடையில் வழியில் ஒரு கடை கிடையாது. ஷெனவால் பக்கத்து ஆறுகளுக்குப் பாலமும் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் வடியும்வரை ஒரு நாள் கூடுதலாக உட்கார வேண்டி வரலாம். அங்கே அடுப்பு மக்கர் பண்ணினால் ஈர உடையோடு பச்சைத் தண்ணீர்தான். அந்த மாதிரி நடைக்கு, ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) எரியும் டிராஞ்சியா 27ஐத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். கனம் அதிகம், வேகம் கம்மி. இரண்டையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஸ்வீடனில் 1925இல் தொடங்கிய கம்பெனி இது. காற்றுத் தடுப்போடு சேர்ந்த அடுப்பு 1951இல் வந்தது. அதன் அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. 27 வரிசை ஒருவர், இருவருக்கு. 25 வரிசை மூன்று நான்கு பேருக்கு. 27-1 யூஎல் (அல்ட்ராலைட், அதாவது எடை குறைந்த) மாடலில் ஒரு லிட்டர் பாத்திரம் இரண்டு, மூடியாகவும் பயன்படும் 18 செ.மீ. வாணலி, மேலும் கீழுமாக இரண்டு தடுப்பு, பித்தளை பர்னர், இடுக்கி, கட்டுகிற வார் ஆகியவை வரும். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். எடை முக்கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. கெட்டிலும் சேர்ந்த 27-2 எண்ணூறு கிராமைத் தாண்டும்.

இதன் அருமை கீழ்த் தடுப்பில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்தால், காற்று அடியில் புகுந்து தீயை வளர்த்து, பாத்திரத்தின் பக்கவாட்டை உரசிக்கொண்டு மேலே போகும். விறகடுப்பை ஊதுகுழலால் ஊதிவிடுவது போலத்தான். சிலிண்டர் தலையில் நேரே திருகுகிற சின்ன கேஸ் அடுப்பில் இதே காற்று தீயைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். சுற்றிலும் தகடு வைத்து மறைக்கலாமென்றால் சிலிண்டர் சூடேறுவது ஆபத்து. டிராஞ்சியாவில் பாத்திரம் தடுப்புக்குள் தாழ உட்கார்ந்திருப்பதால் கை பட்டாலும் லேசில் கவிழாது. காற்று மிகப் பலமாக இருந்தால் துளைகளைக் கொஞ்சம் ஒதுக்கித் திருப்புங்கள். இல்லையென்றால் தீ மிஞ்சி ஸ்பிரிட் வீணாகும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும். நல்ல காற்றில் அது பறக்காது. ஆகவே மறைவிடம் தேடாமல், காற்றடிக்கும் மேட்டிலேயே நிம்மதியாகச் சமைக்கலாம்.

பர்னரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஏறத்தாழ 60 மில்லி. பற்றவைத்ததும் நடுவில் மட்டும் சோம்பலாக ஒரு தீ எழும். ஒரு நிமிடம் போல ஆனதும் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் ஸ்பிரிட் சூடேறி, விளிம்பிலுள்ள ஊசித் துளைகள் வழியே ஆவியாக வெளிவந்து, வட்டமாகப் பூப் பூத்த மாதிரி எரியத் தொடங்கும். சத்தமே இருக்காது. ஒரு தடவை நிரப்பினால் 25 நிமிடம் வரை எரியும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எட்டு முதல் பத்து நிமிடம். ஏரித் தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும்.

எரிகிற பர்னரில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. பகல் வெளிச்சத்தில் இந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றும்போது, ஊற்றுகிற தாரை வழியே தீ பாட்டிலுக்குள் ஏறிவிடும். பர்னரை வெறுங்கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே ஊற்றுங்கள். அழுத்தினால் மட்டும் திறக்கிற வால்வோடு டிராஞ்சியாவே விற்கும் பாட்டிலை வாங்குவது நல்லது. ஸ்பிரிட் தண்ணீரில் கலக்கும் என்பதால், தரையில் சிந்திப் பற்றிக்கொண்டால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்.

சிம்மில் வைக்க ஒரு வளைய மூடி தருகிறார்கள். அதன் நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு தகடு இருக்கும். எவ்வளவு திறப்பு வேண்டுமோ அதை முதலிலேயே வைத்துக்கொண்டு, இடுக்கியால் வளையத்தைப் பிடித்து பர்னர் மேல் விட வேண்டும். தீ கூடிப்போனால் பாத்திரத்தை இறக்கி, வளையத்தைத் தூக்கி, தகட்டைக் குச்சியால் தள்ளி, திரும்ப வைக்க வேண்டும். கேஸ் திருகு மாதிரி சட்டென்று கூட்டிக் குறைக்க முடியாது. இந்த அடுப்பில் நமக்குள்ள பெரிய குறை இதுதான். கால்வாசித் திறப்பில் ஆரம்பித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். தகட்டை முழுக்க மூடிப் போட்டால் தீ அணைந்துவிடும். சோறு வடிப்பதைவிட, வீட்டிலேயே வறுத்துக் கொண்டுபோன ரவைதான் இதற்குத் தோது. ஒரு டம்ளர் ரவைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், கொட்டிக் கிளறி மூடிவிட்டால் மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும். அவலுக்கு வெந்நீர் மட்டும் போதும்.

எரிபொருள் கணக்கு: ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கச் சுமார் 30 மில்லி. காலை டீ, இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 80, 90 மில்லி ஆகும். நான்கு நாளுக்கு 350; ஆற்றங்கரையில் மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு நாளையும் நினைத்து அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்கு எடை பார்த்தால் ஸ்பிரிட்டின் வெப்பம் கேஸைவிட மிகக் குறைவு, ஏறக்குறைய பாதியைச் சற்றுத் தாண்டும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் போகும் நடைக்கு முதுகுச்சுமையில் கேஸ்தான் ஜெயிக்கும். ஆனால் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்; சிலிண்டரைக் குலுக்கி ஊகிக்கிற வேலை இல்லை.

விமானத்தில் ஸ்பிரிட் கொண்டுபோக முடியாது. போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். பிரிட்டனில் ஹார்டுவேர் கடைகளில் ஊதா நிறத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கிடைக்கும். அது விஷம், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் கரி குறையும். அடிக்கரியைத் தேய்த்துச் சிரமப்பட வேண்டாம், செய்தித்தாளில் சுற்றி வைத்தால் போதும்.

பர்னரின் திருகு மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் மூடியைப் போட்டால் அது உருகிவிடும். பிறகு மிச்ச ஸ்பிரிட் பைக்குள் கசியும். புதியவர்கள் அதிகம் கெடுப்பது இந்த வளையத்தைத்தான். ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பனி உறைகிற குளிரில் ஸ்பிரிட் லேசில் பற்றாது. அதற்கென்று பர்னருக்கு அடியில் மாட்டும் சிறு துணைக்கருவி விற்கிறார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை முதலில் ஸ்பிரிட் எரித்துச் சூடேற்றுவோமே, அதே வேலைதான். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்ற நிலையில் ஸ்பிரிட் கட்டுப்படியாகாது. அப்போது அதே தடுப்புக்குள் பொருந்தும் கேஸ் பர்னரை மாட்டிக்கொள்ளலாம். குழாய் தடுப்பின் துளை வழியே வெளியே போகும், சிலிண்டர் தள்ளியே இருக்கும்.

அடுப்பைத் தட்டையான கல்மேல் வையுங்கள். காய்ந்த புல்லிலோ, கரிமண் (பீட் என்ற, மட்கிய செடிகொடிகளால் ஆன, எரியக்கூடிய மண்) தரையிலோ வேண்டாம். கரிமண்ணில் பிடித்த தீ உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். கூடாரத்துக்குள் வைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைக் குடிக்கும். எவ்வளவு மழையானாலும் உள்ளே வேண்டாம்.

தனியாகப் போகிறவருக்கு 27-1 போதும். இருவராக டீயும் சாப்பாடும் மாற்றி மாற்றிச் செய்கிறவர்கள் கெட்டிலோடு 27-2 வாங்கலாம். பர்னர், தடுப்பு, பாத்திரம் எல்லாம் தனித்தனியாகவும் கிடைக்கும். கொதிக்கிற பாத்திரத்தை இறக்க இருப்பது அந்த ஒரே இடுக்கிதான். புல்லுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். பளிச்சென்ற சிவப்புக் கயிறு ஒன்றை அதில் கட்டி, வாரோடு முடிந்துவிடுங்கள்.