மஸ்ட்டா, ஹேவ் டுவா?

ஆங்கிலத்தில் மஸ்ட் (must), ஹேவ் டு (have to) ரெண்டுக்குமே பள்ளியில் 'வேண்டும்' என்று அர்த்தம் சொல்லிவிடுவதால், எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண வாக்கியத்தில் பெரிய வித்தியாசம் இல்லைதான்: பேசுபவரே வற்புறுத்தினால் 'யூ மஸ்ட் கம்', விதியோ சூழ்நிலையோ கட்டாயப்படுத்தினால் 'ஐ ஹேவ் டு கோ'. மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் எதிர்மறைக்கு வந்தால் கதையே வேறு. 'யூ மஸ்ட் நாட் பே' என்றால் பணம் கட்டக் கூடாது, 'யூ டோன்ட் ஹேவ் டு பே' என்றால் கட்டத் தேவையில்லை, விருப்பமிருந்தால் கட்டலாம். ஒன்று தடை, இன்னொன்று சலுகை. ஒப்பந்தத்திலோ மருந்து விஷயத்திலோ இதைக் குழப்பினால் விபரீதமாகிவிடும், அதனால் வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

அப்புறம் இறந்தகாலம். கட்டாயம் என்ற பொருளில் மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவமே கிடையாது, 'ஐ ஹேட் டு கோ' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஹி மஸ்ட் ஹேவ் கான்' என்பது அவர் போயிருப்பார் என்ற ஊகம். கேள்விக்கும் 'டு ஐ ஹேவ் டு கோ?' தான் பேச்சில் இயல்பு. எதிர்மறை தவிர மற்ற இடங்களில் சந்தேகம் வந்தால் ஹேவ் டுவையே எடுங்கள், மஸ்ட்டை அறிவிப்புப் பலகைக்கும் அழுத்தமான அழைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.