அயிரைக்காலுக்கு ஒரு ஜிம்: கும்பகோணம் - சுவாமிமலை ரோடு

வேட்டியை மடிச்சுக் கட்டினா மொதல்ல கண்ணுல படறது கெண்டைக்கால்தான். எங்கப்பாவுக்கு அது நெசமாவே கெண்டை மீன் மாதிரி புடைச்சு நிக்கும், நாப்பது வருஷம் சேறு மிதிச்ச கால். எனக்கு வாய்ச்சது அம்மா வழி. கெண்டை இல்ல, அயிரை. உரக்கடை கல்லாவுல உக்காந்திருக்கறவனுக்கு இது போதாதான்னு கேப்பாங்க வீட்டுல.

முன்னாடி வேற ஒரு ஜிம்முக்கு ரெண்டு வருஷம் போனேன். பேர் வேண்டாம். நெஞ்சு, கை, நெஞ்சு, கை. கால் நாள்னா ஸ்குவாட் அடிச்சுட்டு, போற போக்குல இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கிட்டு வீட்டுக்கு. அங்க வந்துக்கிட்டிருந்த சுவாமிமலைக்காரர் ஒருத்தர், சிலைப் பட்டறையில மெழுகு பிடிக்கறவர், ஒருநாள் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "ஒடம்பு பூரா மெழுகு வச்சுட்டு முழங்காலுக்குக் கீழ மறந்துட்டாங்க தம்பி"ன்னார். தென்னையோலையை மடிச்சு மடிச்சு அளவு வச்சுப் பழகின கண்ணு, தப்புமா? இந்த ஜிம்மைக் கைகாட்டி விட்டதும் அவர்தான்.

இரும்புக் கடைக்கு மேல் மாடி. மாசம் 800 ரூபாய், சேர்றதுக்குத் தனிக் காசு இல்ல. ஏசி கிடையாது, சித்திரையில செத்தோம். நின்னு செய்யற காஃப் மெஷின், அதாவது கெண்டைக்கால் மெஷின், உள்ளூர் வெல்டிங் பட்டறையில அடிச்சது. தோள்ல படற மெத்தை கிழிஞ்சு, துண்டைச் சுத்தி வச்சிருக்காங்க. ஆனா கால் வைக்கற கட்டை நல்ல உயரம், குதிகால் அடிவரைக்கும் இறங்குது. அதுக்காகவே 800 கொடுக்கலாம். வெறும் தரையில நின்னு செஞ்சா பாதி வேலைதான் நடக்கும்.

மொத நாள் 80 கிலோ போட்டு நான் துள்ளிக்கிட்டிருந்ததை மாஸ்டர் பார்த்தார். ஒண்ணும் சொல்லல, எடை மாத்தற பின்னை உருவி 40ல குத்தினார். "எறங்கு. ரெண்டு எண்ணு. அப்பறம் ஏறு." குதிகாலுக்கு மேல விறைப்பா நரம்பு மாதிரி தெரியுமே, அந்தத் தசைநாண் ரப்பர் மாதிரி. துள்ளினா அதுவே இழுத்து மேல தூக்கி விட்டுடும், சதை பாதி நேரம் சும்மா இருக்கும். கீழ நிறுத்தினாத்தான் சதைக்கு வேலை. பத்தாவது தடவையில கால் வெடவெடன்னு ஆடிச்சு. மாடிப்படி இறங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன்.

உக்காந்து செய்யற மெஷின் ஒண்ணு மூலையில துருப்பிடிச்சுக் கெடக்கு. மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, இப்ப இல்ல. வெளிய தெரியற ரெட்டைச் சதை முழங்காலைத் தாண்டித் தொடை எலும்புல ஒட்டியிருக்கு. முழங்காலை மடக்கினா அது தளர்ந்துடும், அடியில இருக்கற சோலியஸ்ங்கற சதைதான் பாரம் சுமக்கும். 2023ல் வந்த ஜப்பான் ஆய்வு ஒண்ணுல 14 பேருக்கு ஒரு காலை நின்ன வாக்குலயும் இன்னொரு காலை உக்காந்த வாக்குலயும் 12 வாரம் பழக்கினாங்க. சோலியஸ் ரெண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்துச்சு. ரெட்டைச் சதை நின்ன கால்லதான் நல்லா ஏறிச்சு. துருப்பிடிச்ச மெஷின் அப்படியே கெடக்கட்டும்.

எனக்கு இடது கெண்டைக்கால் சுற்றளவுல கால் இஞ்ச் கம்மி. அதனால ஒத்தைக் கால்ல செய்யறப்ப இடதுல ஆரம்பிக்கணும், அது எத்தனை தாங்குதோ அத்தனைதான் வலதுக்கும்னு மாஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டார். வாரம் மூணு நாள், எட்டு மாசம். டெய்லர் டேப்புல வலது 12¾ல இருந்து 13½. இடது கிட்ட வந்துடுச்சு. கழுத்து, கை, கெண்டைக்கால் மூணும் ஒரே சுற்றளவுல இருக்கணும்னு பழைய பாடிபில்டிங் கணக்கு ஒண்ணு உண்டு. என் கழுத்து 15. அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொண்ணு, சதை எங்க முடிஞ்சு நாண் எங்க தொடங்குதுங்கறது பொறப்புலயே வர்றது. கொள்முதல் நிலையத்துல நாள் முழுக்க 40 கிலோ மூட்டை தூக்கற ஆளுங்கள்லயே சிலருக்குக் கால் குச்சியாத்தான் இருக்கு. மாஸ்டர் இதை மொத வாரமே சொல்லிட்டார். முன்ன போன இடத்துல இதைச் சொல்லாம பவுடர் டப்பா வித்தாங்க.

சாயந்தரம் ஆறு மணிக்கு மேல போனா காஃப் மெஷின்ல யாராவது பையை மாட்டி வச்சிருப்பாங்க. எடுக்கச் சொன்னா எடுத்துடுவாங்க, சண்டை வராது.