தேயிலைப் பாலிசாக்கரைடை அளக்க: கண்ணாடிக் குழாயா, ஜிபிசியா?

முற்றல் தேயிலையை வெந்நீரில் கொதிக்கவைத்து, எத்தனாலில் வீழ்படிவாக்கி, பாலிசாக்கரைடை, அதாவது சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறை, தூளாக எடுத்தாயிற்று. இந்த மூலக்கூறு எவ்வளவு பெரியது, கரைசலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க உப்பெலோடே பாகுநிலைமானி (கரைசல் பாயும் நேரத்தை வைத்துப் பாகுநிலையை அளக்கும் கண்ணாடிக் குழாய்), ஜிபிசி (துளையுள்ள துகள்கள் வழியே ஓடவிட்டு மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் கருவி; பெரியவை முந்தி வெளியேறும்) இரண்டுமே கைவசம் இருந்தன. நான் கண்ணாடிக் குழாயின் பக்கம் போனேன்.

ஜிபிசிக்குச் சில மில்லிகிராம் போதும். மாதிரியில் இருப்பது ஒரே அளவு மூலக்கூறுகளா, பல அளவா என்றும் காட்டிவிடும். குழாய் தருவது சராசரி மட்டுமே. தூளும் நிறையக் கேட்கும்.

சரி, பிறகு ஏன் குழாய்? மின்சுமைதான் காரணம். தேயிலைப் பாலிசாக்கரைடு அரபினோஸ், கேலக்டோஸ், ராம்னோஸுடன் கேலக்டுரோனிக் அமிலமும் சேர்ந்த கிளைச் சங்கிலி, புரதமும் ஒட்டியிருக்கும். தண்ணீரில் அந்த அமிலத் தொகுதிகள் எதிர்மின்சுமை பெற்று ஒன்றையொன்று தள்ள, சங்கிலி விரிந்துகொள்கிறது. வெறும் தண்ணீரில் கரைசலை நீர்க்கச் செய்தபோது, செறிவால் வகுத்த பாகுநிலை உயர்வு இறங்காமல் மேலே ஏறியது. குழாய் அழுக்கோ என்று இரண்டு முறை கழுவிப் பார்த்தேன், அதே கதைதான். 0.1 மோலார் சோடியம் குளோரைடில் கரைத்ததும், உப்பு அந்தத் தள்ளலை அடக்க, புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. அளவுகளைச் சுழிச் செறிவுவரை நீட்டிப் பார்க்கும் ஹக்கின்ஸ் கோடும் கிரேமர் கோடும் அங்கே ஒரே இடத்தில் சந்தித்தன; அந்த மதிப்புதான் உள்ளார்ந்த பாகுநிலை. உப்பெலோடேயில் பாயும் நேரம் திரவத்தின் கன அளவைப் பொறுத்ததல்ல என்பதால், குழாய்க்குள்ளேயே உப்புநீர் விட்டு நீர்க்கச் செய்துகொண்டே போகலாம்.

ஜிபிசியில் இந்தத் தகராறு கண்ணுக்குத் தெரியாது. உப்புக் குறைந்தால் மின்சுமையுள்ள சங்கிலி துகள்களின் துளைக்குள் நுழையாமல் முந்தி வெளியேறி, பெரியதாகத் தோன்றும். எடை தெரிந்த டெக்ஸ்ட்ரான் என்ற பாலிசாக்கரைடை வைத்து அளவு திருத்தியிருந்தால், அதைவிடக் கிளை அடர்ந்த சங்கிலி உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுத்து, நம்பும்படியான ஓர் எண் வந்து நிற்கும். ஒளிச்சிதறல் உணரி சேர்ந்த ஜிபிசிக்கு டெக்ஸ்ட்ரான் தேவையில்லை. அதில் நான் இரண்டே முறைதான் அளந்திருக்கிறேன், அது கிடைப்பவர்கள் என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழாய்க்கும் கவனிப்பு வேண்டும். ஒரு டிகிரி மாறினால் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். எனவே நீர்த்தொட்டியின் வெப்பநிலை அசையக்கூடாது. கரைசலை வடிகட்டாமல் விடக்கூடாது. அப்புறம், குழாய் மூலக்கூறு எடையை நேராகச் சொல்லாது; அதற்கு, உள்ளார்ந்த பாகுநிலையை மூலக்கூறு எடையோடு இணைக்கும் மார்க்-ஹௌவிங்க் மாறிலிகள் இதே பாலிசாக்கரைடுக்கு, இதே உப்புக் கரைசலில் கிடைத்தாக வேண்டும். அவை கைக்கு வரும்வரை உள்ளார்ந்த பாகுநிலையை மட்டும் எழுதிவைக்கிறேன், மூலக்கூறு எடையின் அலகான டால்டனாக மாற்றுவதில்லை.