வெரிடாஸ் வால்யூம் மேனேஜரில் டிஸ்க் பெயர்கள்: பல வருடம் பழகியவனின் அனுபவம்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருளான வெரிடாஸ் வால்யூம் மேனேஜரை சோலாரிஸ் (ஒரு யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) சர்வர்களில் பழக ஆரம்பித்தவன் நான். இப்போது ரெட் ஹேட் லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் 2005-இல் வெரிடாஸை சைமன்டெக் வாங்கியது, 2016-இல் மறுபடி வெரிடாஸ் ஆனது, 2024 கடைசியில் ஆர்க்டெரா என்று ஆகிவிட்டது. தொகுப்பின் பெயரும் இன்ஃபோஸ்கேல் என்று மாறிவிட்டது. கட்டளைகள் மட்டும் இன்னமும் 'விஎக்ஸ்' என்றேதான் தொடங்குகின்றன. இந்தப் பதிவில் அதன் வேகம், லைசன்ஸ் விலை பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. டிஸ்க்குகளுக்கு அது வைக்கும் பெயர்களைப் பற்றி மட்டும்தான்.

டிஸ்க்கின் பெயர் என்னவாக இருந்தாலும் இந்த மென்பொருளுக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் பிரைவேட் ரீஜன் என்று ஒரு சின்னப் பகுதியை அது எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் ஐடி, எந்த டிஸ்க் குரூப் (ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் டிஸ்க்குகளின் தொகுதி) என்ற விவரமெல்லாம் அங்கே எழுதியிருக்கும். சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஹெச்பிஏ கார்டை மாற்றினாலும், கேபிளை வேறு போர்ட்டில் செருகினாலும், டிஸ்க் குரூப்பை ஒரு சர்வரிலிருந்து விடுவித்து (டிபோர்ட்) வேறு சர்வரில் இம்போர்ட் செய்தாலும் அது அந்த ஐடியைப் பார்த்தே டிஸ்க்கை அடையாளம் கண்டுகொள்ளும். பெயர் தேவைப்படுவது நமக்குத்தான். அதுவும் நடுராத்திரியில் ஸ்டோரேஜ் டீமோடு ஃபோனில் பேசும்போது.

பெயரிடும் முறை இரண்டு. ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்த பெயரையே எடுத்துக்கொள்வது, சுருக்கமாக ஓஎஸ்என். இன்னொன்று, ஸ்டோரேஜ் பெட்டியின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்வது. அது ஈபிஎன், என்க்ளோஷர் வழிப் பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும், லினக்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்று பழகிய பெயர் அல்லவா. ஆனால் ஒரு லன்னுக்கு, அதாவது ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்குத் தரும் ஒரு டிஸ்க்குக்கு, நான்கு பாதைகள், மொத்தம் 40 லன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் 160 எஸ்டி பெயர்களைப் போட்டு வைத்திருக்கும். பல பாதைகளைக் கையாளும் இதன் பகுதியான டிஎம்பி அந்த நான்கு பாதைகளையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும். ஓஎஸ்என் முறையில் அந்த நான்கில் ஏதோ ஒரு பாதையின் பெயர் டிஸ்க்குக்கு வந்துவிடும். அடுத்த ரீபூட்டில் லினக்ஸ் பாதைகளை வேறு வரிசையில் கண்டுபிடித்தால் எல்லாப் பெயரும் மாறிவிடும்.

சரி, பெயர் மாறாமல் இருக்க பெர்சிஸ்டன்ஸ் என்ற வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதை இயக்கினால் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ரீபூட்டுக்குப் பிறகும் அதே பெயரைக் கொடுக்கும். ஓஎஸ்என்னோடு இதைச் சேர்ப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான கூட்டணி. வால்யூம் மேனேஜர் ஒரு டிஸ்க்கை எஸ்டிசி என்று பழைய பெயரிலேயே அழைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸின் இன்றைய எஸ்டிசியோ முற்றிலும் வேறு ஒரு லன். டேட்டாவுக்கு ஆபத்தில்லை, எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆவணத்திலேயே இதைச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் கர்னல் லாகில் எஸ்டிசியில் பிழை என்று வரும்போது நீங்கள் போய்ப் பார்ப்பது வேறு டிஸ்க்கை.

அதனால் எங்கள் டீமில் ஈபிஎன்தான். அதிலும் ஒரு உட்பிரிவு உண்டு. வரிசை எண் வைத்தால், இஎம்சி நிறுவனத்தின் பெட்டி என்றால், இஎம்சி0_1, இஎம்சி0_2 என்று வரும். அந்த எண்ணை அந்த சர்வரே போட்டுக்கொள்கிறது. ஸ்டோரேஜ் பக்கத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது. அதற்குப் பதிலாக ஏவிஐடி, அதாவது ஸ்டோரேஜ் பெட்டி தன் லன்னுக்கு வைத்திருக்கும் எண்ணையே பெயரில் சேர்க்கச் சொல்லலாம். அப்போது இஎம்சி0_01ஏ4 என்று வரும். ஸ்டோரேஜ் டீமின் திரையிலும் அதே 01ஏ4தான் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த மென்பொருளை மெச்சுவேன். ஒன்று மட்டும்: இது ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வரும் ஹெக்ஸ் எண், ஃபோனில் 'ஏ'யும் 'எய்ட்'டும் ஒரே மாதிரி கேட்கும். எழுத்தில் வாங்காமல் எந்த லன்னையும் கழற்றுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

இதன் பலன் எங்கே தெரியும் என்றால், ஒரு லன் காணாமல் போகும்போது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் விஎக்ஸ்டிஸ்க் லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் டிவைஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் டிஸ்க்கின் பெயர், குரூப், கடைசியில் 'ஃபெயில்ட் வாஸ்:' என்று போட்டு பழைய டிவைஸ் பெயர் நிற்கும். அங்கே 'எஸ்டிகே' என்று இருந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அந்த எஸ்டிகே இப்போது இல்லை. 'இஎம்சி0_01ஏ4' என்று இருந்தால் அப்படியே நகலெடுத்து ஸ்டோரேஜ் டீமுக்கு அனுப்பலாம்: இந்த லன்னின் மேப்பிங்கைப் பாருங்கள் என்று. கர்னல் லாகில் வரும் எஸ்டி பெயரை எதிர்த் திசையில் தேடவும் வழி இருக்கிறது. விஎக்ஸ்டிஸ்க் லிஸ்ட்டோடு 'இ' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரும் ஒரு பத்தியில் வரும். ஒரு டிஸ்க்கின் எல்லாப் பாதைகளும் வேண்டுமென்றால் விஎக்ஸ்டிஎம்பிஅட்ம் கெட்சப்பாத்ஸ் என்ற கட்டளை.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அந்த விஎக்ஸ்டிஸ்க் பட்டியலில் டிவைஸ், டிஸ்க் என்று இரண்டு பத்திகள் உண்டு. முதலாவது சர்வர் வைக்கும் பெயர். இரண்டாவது டிஎம் பெயர், அதாவது டிஸ்க் மீடியா பெயர். டிஸ்க் குரூப்பின் உள்ளே சேமிக்கப்படுவது. டிஸ்க்கைக் குரூப்பில் சேர்க்கும்போது தனியாகப் பெயர் கொடுக்காவிட்டால் அப்போதைய டிவைஸ் பெயரே டிஎம் பெயராகவும் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் ஓஎஸ்என்னிலிருந்து ஈபிஎன்னுக்கு மாறினாலும் டிஎம் பெயர் மாறாது. நாங்கள் பொறுப்பேற்ற ஒரு டேட்டாபேஸ் சர்வரில் டிவைஸ் பத்தியில் 01ஏ4, டிஸ்க் பத்தியில் எஸ்டிசி என்று இருந்தது. புதிதாக வந்தவர் ஒருவர் இரண்டும் வேறு வேறு டிஸ்க் என்றே நினைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விஎக்ஸ்எடிட் ரீநேம் போட்டு எல்லாவற்றையும் ஓராடிஜி01, ஓராடிஜி02 என்று மாற்றினோம். வால்யூம் (குரூப்பிலிருந்து உருவாக்கும், டேட்டா இருக்கும் மெய்நிகர் டிஸ்க்) ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருப்பது குரூப் பெயரும் வால்யூம் பெயரும்தான் என்பதால் மவுண்ட்டுக்கும் ஒன்றும் ஆகாது.

பெட்டியின் பெயரையும் மாற்றலாம். ஒரே வகைப் பெட்டி இரண்டு இருந்தால் இஎம்சி0, இஎம்சி1 என்று வரும். எது எந்த ரேக் என்று யாருக்கு நினைவிருக்கும்? அதுவும் ஒரு சர்வரில் 0 ஆக இருப்பது பக்கத்து சர்வரில் 1 ஆக இருக்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையே சுருக்கி எல்லா சர்வர்களிலும் ஒன்றுபோல் வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு லன்னுக்கும் நாமே தனிப்பெயர் வைக்கும் வசதியும் உண்டு. கோப்பில் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். நான் தொடமாட்டேன். 'பேரோல் டேட்டா 3' என்று ஒருவர் வைத்த லன்னில் அடுத்த வருடம் வேறு ஏதோ இருக்கும்.

பல சர்வர்கள் (நோட்கள்) சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் வரிசை எண் முறை இன்னும் தொல்லை, ஒரே லன்னுக்கு இரண்டு நோடில் இரண்டு எண் வரக்கூடும். ஏவிஐடி இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

எல்லா இடத்திலும் ஏவிஐடி கிடைக்கும் என்று சொல்லவில்லை. பெட்டி அந்த எண்ணைத் தராவிட்டால் மறுபடி வரிசை எண்தான். சாதாரண லோக்கல் டிஸ்க்குகள் டிஸ்க்_0, டிஸ்க்_1 என்று வரும், அதில் குறையில்லை. விஎம்வேரில் ஓடும் சர்வர் என்றால் விர்ச்சுவல் மெஷின் அமைப்பில் டிஸ்க் எனேபிள் யுயுஐடி என்பதை 'ட்ரூ' ஆக்க மறக்கக் கூடாது. அது இல்லாமல் விஎம்டிகே என்ற விர்ச்சுவல் டிஸ்க்குகளுக்குத் தனித்த அடையாளம் கெஸ்ட்டுக்குள் வராது.

லினக்ஸோடு வரும் எல்விஎம் (வால்யூம் நிர்வாகம்), மல்டிபாத் (பாதை நிர்வாகம்) இரண்டும் எங்களிடம் உண்டு. எல்விஎம்மும் டிஸ்க்கில் எழுதியிருக்கும் தனித்த அடையாளமான யுயுஐடியை நம்பித்தான் வேலை செய்கிறது, அதில் கவலை இல்லை. மல்டிபாத் தரும் பெயர்தான் ஒன்று எம்பாத்ஏ, எம்பாத்பி என்று பைண்டிங்ஸ் கோப்பில் வந்த வரிசையில் இருக்கும், அல்லது வாயில் நுழையாத நீளத்தில் டபிள்யுடபிள்யுஐடி என்ற லன்னின் அடையாள எண். நாமே ஏலியஸ் எழுதி வைக்கலாம். லன்னுக்கு லன் கையால் எழுத யாருக்கு நேரம்? காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக முன்னே நிற்கிறது.

புது சர்வர் வந்தால் இப்போது நான் செய்வது இவ்வளவுதான். முதலில் பெயரிடும் முறையைக் காட்டும் விஎக்ஸ்டிடிஎல்அட்ம் கெட் நேமிங்ஸ்கீம் கட்டளையைப் போட்டுப் பார்ப்பேன். ஈபிஎன், பெர்சிஸ்டன்ஸ், ஏவிஐடி மூன்றும் இருக்க வேண்டும். அப்புறம் பெட்டிக்குப் பெயர் வைப்பேன். டிஸ்க் குரூப் உருவாக்குவது அதற்குப் பிறகுதான், டிஎம் பெயரை நானே கொடுத்து.