பழைய கார் பாடி செக்: டிங்கரா, இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியா?

செலவு: டிங்கருக்கு (பாடி நசுங்கலைத் தட்டி சரி பண்றவர்) கையில ஏதாவது குடுத்தா போதும், கம்பெனின்னா பில்லு.

பாடி: கம்பெனி ஆள் பெயிண்ட் தடிமனை அளக்குற மீட்டர் வெச்சு எந்த பேனல் ரீபெயிண்ட்னு ரிப்போர்ட்டே குடுத்துடுவான். டிங்கர் கதவு ரப்பரை உருவி, பில்லர்ல (கதவு ஓரத்துல கூரையைத் தாங்குற தூண்) ஒரிஜினல் ஸ்பாட் வெல்டிங் புள்ளி வரிசையா இருக்கான்னு விரலால தடவிப் பாப்பாரு, கலைஞ்சிருந்தா அங்க கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், இதுல என் ஓட்டு அவருக்குத்தான்.

சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்): யாரா இருந்தாலும் லிஃப்ட்ல ஏத்தாம பாத்தா வேஸ்ட்.

வெள்ளம்: நம்ம சென்னையில 2015, 2023 டிசம்பர் தண்ணில நின்ன வண்டி எத்தனையோ, இதை ரெண்டு பேருமே கவனிக்காம விட்டுட வாய்ப்பிருக்கு, நீங்களே சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக் கறை இருக்கான்னு பாத்துடுங்க.

பத்து வருஷ வண்டி, சின்ன பட்ஜெட்னா டிங்கர் போதும். புது மாடல், ஏர்பேக் சமாச்சாரம்லாம் ஸ்கேனர் போட்டுப் பாக்கணும்னா கம்பெனி, ஆனா விக்கிறவன் கைகாட்டுற கம்பெனி வேணாம்.