முக்கால் லிட்டர் கெண்டி: ஏழு மாதம் ஒளு செய்தபின் எழுதுகிறேன்

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவுக்காக வாங்கிய எவர்சில்வர் கெண்டி. கழுத்து வரை ஊற்றினால் முக்கால் லிட்டர். விலை 380 ரூபாய். மதுரையில் புதுமண்டபக் கடைகள் மாறிப்போன குன்னத்தூர் சத்திரத்துக்கு லைனிங் துணி வாங்கப் போனபோது, பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக்கடையில் எடுத்தேன். கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல், வீட்டில் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைக் கழுவி அளந்து பார்த்தேன். ஒன்றரை பாக்கெட் பிடித்தது. ஒரு கெண்டிக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்பவர்களுக்கு வஸ்வாஸ், அதாவது சுத்தம் ஆனதா என்று ஓயாமல் அரிக்கும் சந்தேகம், வந்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ், வராமலே இருக்கட்டும்.

எனக்கு வந்தது சின்னவன் பிறந்த பிறகு. பாயில் மூத்திரம் போயிருப்பான். ஒரு சொட்டு என் சேலை ஓரத்தில் பட்டிருக்குமோ என்று தோன்றும். சேலையை அலசுவேன். அலசிய தண்ணீர் காலில் பட்டுவிட்டது என்று காலைக் கழுவுவேன். முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) நின்று தக்பீர் கட்டி, அதாவது தொழுகையைத் தொடங்கியதும், முழங்கை நனைந்ததா இல்லையா என்று மனசு கிளம்பும். ஒரு ஒளுவுக்கு ஒரு வாளி தண்ணீர் போனது. மஃரிப் (அந்தி) பாங்குக்கு பாத்ரூமுக்குள் போய், இஷா (இரவு) பாங்கு கேட்டு வெளியே வந்த நாள் உண்டு. கோரிப்பாளையத்தில் எங்களுடையது மாடி வீடு. கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, மேல குளம் வெட்டுறியா?" கை விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ப்ளவுஸுக்கு ஹூக் வைக்கும்போது நூல் அந்த வெடிப்பில் மாட்டி இழுக்கும்.

கெண்டிக்கு முன்னால் வாங்கிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெல்த் ஃபாசெட் நல்ல பொருள்தான், ஆனால் என்னைப் போன்ற ஆளுக்கு ஆகாது. பீய்ச்சி அடிப்பதில் தெறிப்பது எங்கெங்கே போனது என்று ஒரு மணி நேரம் யோசிக்கலாம். (ஊசி முனை அளவு தெறிப்பதை நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப், அதாவது சட்டப் பிரிவு, மன்னிக்கிறது. அது தெரிந்தும்தான் யோசித்தேன்.) வாளியும் மக்கும் வைத்தால், கையிலிருந்து வழிந்த சொட்டு வாளிக்குள் விழுந்ததே, மிச்சத் தண்ணீர் ஆகுமா என்ற கேள்வி. நல்ல தண்ணீர்தான் அதிகம் என்றால் அது சுத்தமானதுதான், அதிலேயே ஒளு செய்யலாம். ஆனாலும் வாளியைக் கவிழ்த்துவிடுவேன். அப்புறம் திக்ருக்கு, அதாவது இறைவன் பெயரைச் சொல்லி எண்ணுவதற்கு என்று விற்கிற விரல் கவுன்ட்டர். எத்தனை தடவை கழுவினேன் என்று எண்ண வாங்கினேன். பட்டனை அமுக்கினேனா இல்லையா என்று புதுச் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

கெண்டி யோசனை எங்கள் பெண்கள் மதரஸா உஸ்தாபி (ஆசிரியை) தந்தது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து (அந்தக் கால முகத்தல் அளவு) தண்ணீரில் ஒளு செய்வார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரை தண்ணீரில் குளிப்பார்கள் என்று நபித்தோழர் அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அறிவித்திருக்கிறார்கள். நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாவு. ஒரு முத்து எவ்வளவு என்பது மத்ஹபுக்கு மத்ஹப் மாறும்; அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலிருந்து ஒரு லிட்டர் வரை சொல்வார்கள், முக்கால் லிட்டர் அதற்கு நடுவில் வரும். உஸ்தாபி சொன்னது இதுதான்: "உனக்குக் குழாய் ஆகாதும்மா. குழாய்க்கு முடிவே கிடையாது. கெண்டி தீர்ந்துச்சா, ஒளு முடிஞ்சுச்சு."

முதல் நாள் கைக்கும் முகத்துக்கும் தலைக்குமே தீர்ந்துவிட்டது. கெண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் காலில் நாலு சொட்டு விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். உஸ்தாபிக்குப் போன் போட்டதற்கு, "கால் மட்டும் கழுவிட்டுப் போய்த் தொழு. நாளையிலிருந்து எல்லாத்தையும் ஒரே தடவை கழுவு" என்றார். எங்கள் ஹனஃபியில் ஒளுவுக்கு ஃபர்ளு (கட்டாயம்) நான்கு: முகம், முழங்கை வரை கை, தலையில் கால் பாகம் மஸ்ஹு (ஈரக் கையால் தடவுவது), கரண்டை வரை கால். ஒரு தடவை நன்றாக நனைந்தாலே ஃபர்ளு நிறைவேறிவிடும். மூன்று தடவை கழுவுவது சுன்னத், அதாவது நபி வழி. மூன்றைத் தாண்டினால் அது வரம்பு மீறல் என்று அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. மறுநாள் ஒவ்வொரு தடவையாகக் கழுவி முடித்தபோது கெண்டியில் பாதி மிச்சம். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கெண்டியின் நிஜமான குணம் அதன் மூக்கில் இருக்கிறது. தண்ணீர் பென்சில் கனத்தில்தான் வரும். விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை தாண்டும் வரை தோல் மினுங்கிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். குழாயைத் திறந்தால் எல்லாம் ஒரே நுரையும் வெள்ளையுமாக இருக்கும், எது நனைந்தது என்றே தெரியாது. இப்போது மூன்று மூன்று தடவை கழுவியும் முக்கால் லிட்டருக்குள் முடிகிறது.

குறையும் உண்டு. மூடி சரியாக உட்காராது. இரண்டாம் மாதம் மூக்கு ஒட்டிய இடத்தில் கசிவு. கடையில் மாற்றித் தரவில்லை, "சோப்பு வச்சு அடைச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே பற்றவைக்க 50 ரூபாய் ஆனது. எங்கள் போர் தண்ணீருக்கு மூக்குக்குள் உப்பு படிகிறது. வாரம் ஒரு முறை புளித் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.

இன்னொன்று. கெண்டி மருந்து அல்ல. மூன்றாவது மாதம் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது கெண்டி நிரப்ப ஆரம்பித்தேன். மச்சான் (என் வீட்டுக்காரர்) கண்டுபிடித்து, நடக்கிற தூரத்தில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு பயிற்சி: மறுபடி கழுவத் தோன்றினால் கழுவாமல் உட்கார வேண்டும், பதற்றம் தானாக இறங்கும் வரை. இதை உஸ்தாபியிடம் சொன்னதும் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். பக்தாதில் 1119-இல் மௌத்தான (இறந்த) மார்க்க அறிஞர் இப்னு அகீலிடம் ஒருவர் வந்து, "பல தடவை தண்ணீரில் முங்கியும் குளிப்பு நிறைவேறியதா என்று சந்தேகமாக இருக்கிறது" என்றாராம். "போங்க, உங்களுக்குத் தொழுகையே கடமையில்லை. பைத்தியக்காரருக்குக் கடமை கிடையாதே" என்றாராம் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது, அன்றைக்குக் கொஞ்சம் ரோஷமும் வந்தது. மருத்துவமனைக்குப் போகக் கூச்சப்படுபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஒன்று குறைத்தது மூக்குக் கசிவுக்காக. மேலூரில் இருக்கும் நாத்தனாருக்கும் போன வாரம் ஒன்று வாங்கினேன், வேறு கடையில். வாங்குகிறவர்கள் அங்கேயே தண்ணீர் ஊற்றி, மூக்கு ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும்.